அவர் ஏறக் கூடாத ராட்டினம்

திருவண்ணாமலைக்காரரிடம் போய் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் மலை என்பார், இல்லாவிட்டால் கோயில் என்பார். என் கணவர் மட்டும் சென்னை போகிற வழியில் இருக்கும் தீம் பார்க்கைச் சொல்வார். ஐம்பத்தாறு வயதில், வாயெல்லாம் பல்லாக.

அவருக்கு வேங்கிக்காலில் அரசு அலுவலக வேலை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள். அவள் பள்ளியில் படித்தபோது அந்தப் பார்க்குக்குக் கூட்டிப்போனோம். அவளுக்கு அன்றோடு அலுத்துப்போய்விட்டது. இவருக்குத்தான் பிடித்துக்கொண்டது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்ததென்று என் அம்மா வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அங்கே தலைகீழாகச் சுற்றுவது, தண்ணீரில் சறுக்குவது, இருட்டுக் குகைக்குள் கூச்சல் போடுவது என்று எத்தனையோ இருக்கின்றன. அவருக்கு வேண்டியது பெரிய ராட்டினம் ஒன்றுதான். மெதுவாக ஏறும், உச்சியில் கொஞ்சம் நிற்கும், மெதுவாக இறங்கும். "அப்படி என்னங்க இருக்கு அதுல?" என்று கேட்டால், "மேல போனா காத்து வேற மாதிரி இருக்கும்" என்பார். எனக்கு எங்கள் மொட்டைமாடிச் சுவரை எட்டிப் பார்க்கவே பயம். அதனால் அவர் சுற்றுவார், நான் கீழே பெஞ்சில் கைப்பையும் செருப்புமாக உட்கார்ந்திருப்பேன். வருடத்துக்கு இரண்டு மூன்று முறையாவது இது நடக்கும்.

அவரைப் போன்ற ஆட்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். ராட்டினத்துப் பெட்டிக்கு நீலம் அடித்தது சரியா, பழைய சிவப்பே அழகா என்று அதில் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். படித்த மனிதர்கள். இவர் சிவப்புக் கட்சி.

அப்புறம் நெஞ்சுவலி வந்தது. ஒரு விடிகாலையில், முகம் கழுவப் போனவர் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடைப்பு என்றார்கள், ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள், அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஒரு கதவுக்குள் கொண்டுபோனார்கள். நான் வராந்தாவில் நின்றேன். எங்கள் ஊரில் ஒருவருக்கு ஒன்றென்றால் மற்றவர் வாய் தானாக வேண்டிக்கொள்ளும். மொட்டை போடுவது, பால்குடம் எடுப்பது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஒன்றும் போதாது என்று தோன்றியது. பெரிதாக எதையாவது கொடுத்தால்தான் அண்ணாமலையார் திரும்பியே பார்ப்பார் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் இருப்பதிலேயே பெரிய ஆசை இவருடைய ராட்டின ஆசைதான். "இவரைத் திருப்பிக் கொடுத்துடு. இனிமே அந்தப் பார்க்குல இவர் எதுலயும் ஏற மாட்டார்" என்று கும்பிட்டேன்.

திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வார்டுக்கு மாற்றிய பிறகு விஷயத்தை அவரிடம் சொன்னேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"எப்படிக் கேக்கறது? நீங்க மயக்கத்துல இருந்தீங்க."

"அதுவும் சரிதான்" என்று மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டார். அவர் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பார்க் பேச்சை எடுக்கவே இல்லை. நான் பயப்படுகிறேன் என்பதற்காக எடுக்கவில்லை. அது எனக்கும் தெரிந்திருந்தது.

அப்போதெல்லாம் எனக்கு அது உறுத்தவில்லை. நெஞ்சில் ஸ்டென்ட் வலை வைத்த மனுஷன் ராட்டினம் ஏறாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்றுதான் இருந்தேன். அதைக் கெடுத்தது டாக்டர். ஆறு மாதம் கழித்துச் செக்கப்புக்குப் போனபோது, இவர் கேட்கக்கூட இல்லை, நானே கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன், ராட்டினத்தையெல்லாம் விட்டுவிட்டார் என்று. டாக்டர் சிரித்தார்.

"தலைகீழா சுத்தறது, சர்ருனு கீழ விழறது, அதெல்லாம் வேணாம். மெதுவா சுத்தற பெரிய ராட்டினமா? அதுல உக்காந்து காத்து வாங்கிட்டு வரட்டும். ஒண்ணும் ஆகாது."

ஆட்டோவில் திரும்பும்போது, பெரியார் சிலை தாண்டியதும் அவர், "தக்காளி வாங்கணும்னு சொன்னியே" என்றார். அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

மகளிடம் போனில் சொன்னேன். "சாமி என்னம்மா உன்கிட்ட எழுதியா வாங்கிச்சு? விடும்மா" என்றாள்.

"எழுதி வாங்கலன்றதாலதான்டி பயமா இருக்கு" என்று வைத்துவிட்டேன்.

அவர் நன்றாகத்தான் இருந்தார். மாத்திரை போட்டுக்கொண்டார், நடந்தார், உப்பைக் கம்மி பண்ணிக்கொண்டார். ஆனால் குழுவில் செய்தி வந்து குவிந்தபடி இருக்கும், திறந்து பார்க்க மாட்டார். சாயங்காலம் மாடியில் போய் நின்று மலையைப் பார்ப்பார். மலையைப் பார்ப்பவர் மாதிரி இருக்காது, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருக்கும். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவரைப் பிழைக்கவைத்து, அவரிடமிருந்து எதையோ உருவிக்கொண்டுவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் வேண்டுதல் வேண்டுதல்தான். மீறி ஏறி, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இந்த நிலைமையில்தான் குழுவில் ஒரு அறிவிப்பு வந்தது. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரவருக்குப் பிடித்த விளையாட்டாகவே வேஷம் கட்டிக்கொண்டு பார்க்குக்கு வர வேண்டுமாம். கடையில் வாங்கியது, வாடகைக்கு எடுத்தது கூடாது. வீட்டில் கையால் செய்ததாக இருக்க வேண்டும். இதை மட்டும் இவர் திறந்து இரண்டு முறை படித்தார். பிறகு சமையலறைக்கு வந்தார்.

"நான் எதுலயும் ஏற மாட்டேன்னுதானே வேண்டிக்கிட்ட?"

"ஆமா."

"நானே ராட்டினமா ஆகக் கூடாதுன்னு எதுவும் சொல்லலியே?"

குழம்பைக் கிளறிக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. வராந்தாவில் நின்று வேண்டிக்கொள்கிறவள் இதையெல்லாம் எங்கே நினைக்கப்போகிறாள்? "செஞ்சுக்குங்க" என்றேன். அவர் முகத்தில் பழைய பல்லெல்லாம் திரும்பி வந்தது.

அன்றிலிருந்து எங்கள் ஹால் ஹாலாக இல்லை. பழைய இரும்புக் கடையிலிருந்து துருப்பிடித்த சைக்கிள் ரிம் வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளை அடித்தார். மகளுடைய பழைய புத்தகப் பையைப் பிரித்து அதன் பட்டைகளைப் பிளாஸ்டிக் குழாய்ச் சட்டத்தில் கட்டி முதுகில் மாட்டிக்கொள்ளும்படி செய்தார். சட்டத்தின் மேல் முனையில் அச்சு, அச்சில் ரிம். தலைக்குப் பின்னால் சக்கரம் நிற்கும், இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றை இழுத்தால் சுற்றும். ஸ்வீட் கடைப் பிளாஸ்டிக் டப்பாக்கள்தான் பெட்டிகள். சிவப்புப் பெயின்ட். நீலக் கட்சிக்கு அதுதான் பதிலாம்.

முதல் நாள் டப்பாக்களை ரிம்மிலேயே பசை போட்டு ஒட்டினார். உள்ளே உட்காரவைக்க நான் ஜாக்கெட் பிட்டில் குட்டிக் குட்டி மனுஷர்களைத் தைத்துக் கொடுத்திருந்தேன். கயிற்றை இழுத்தார். பாதி வழியில் அத்தனை பேரும் தலைகீழாகக் கொட்டினார்கள்.

"ஏங்க, ஜனங்கள ஏத்தி விட்டு மேல கொண்டுபோய்க் கவுக்கறீங்களே!" என்று சிரித்தேன். அந்த ஆறேழு மாதத்தில் நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு டப்பாக்களைச் சாவி வளையத்தில் தொங்கவிட்டோம். அடியில் கனம் இருந்தால்தான் நேராக நிற்கும் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிடி கொண்டைக்கடலை போட்டேன். இப்போது சக்கரம் எப்படிச் சுற்றினாலும் மனுஷர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி, மீசையோடு ஒரு பொம்மை செய்யச் சொன்னார். அதாவது, அவரையே. மாட்டேன் என்றேன். பொம்மையாக ஏறினாலும் ஏறினதுதான், அண்ணாமலையாரிடம் போய் நான் வக்கீல் வேலை பார்க்க முடியாது. அவர் வற்புறுத்தவில்லை. ஒரு டப்பா காலியாகவே தொங்கியது.

ஒரு நாள் பூரா இதைச் சுமந்து நடக்க முடியுமா, காற்றில் தள்ளுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் நடந்தால் எதிர் வீட்டுக்காரர், இவர் ரிட்டையர் ஆகும்வரை சொல்லிச் சிரிப்பார். "கிரிவலப் பாதைக்குப் போயிடலாம்" என்றார் இவர். சரியான யோசனைதான். அந்தப் பாதையில் யாரும் எதற்கும் ஆச்சரியப்பட மாட்டார்கள். உருண்டுகொண்டே போகிறவரும் உண்டு, நாலு அடிக்கு ஒரு முறை விழுந்து கும்பிடுகிறவரும் உண்டு. சைக்கிள் சக்கரம் சுமக்கிறவரை யார் பார்க்கப்போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடி அண்ணாமலைப் பக்கம் போய் நடக்க ஆரம்பித்தோம். பௌர்ணமி இல்லை, கூட்டம் கம்மி. நாங்கள் நினைத்தது பாதிதான் சரி. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கும்பிட்டார்கள். எதிரே வந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ரிம்மைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூக்கட்டும் பெண் எழுந்து வந்து காலியாக இருந்த டப்பாவில் ஒரு முழம் மல்லிகையை வைத்தாள். வேண்டுதலுக்காகக் காவடி மாதிரி ஏதோ தூக்கி வருகிறார் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு தாய் கைக்குழந்தையோடு திருநீற்றுப் பொட்டலத்தையும் நீட்டி, "நெத்தியில பூசி விடுங்க சாமி" என்றாள். இவர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். அவர் திருநீறு பூசிவிட்டார். சாமியாரையும் சும்மா விடாத குரங்குகள் எங்களை விடுமா? ஒன்று தாவி வந்து டப்பாவில் கையை விட்டுக் கொண்டைக்கடலையை அள்ளிக்கொண்டு ஓடியது. அதற்கும் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இளைப்பாற ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் என் வயதுப் பெண்மணி ஒருவர் காலை நீவிக்கொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூராம். மல்லாட்டை பிடுங்கி முடித்துவிட்டு மலை சுற்ற வந்திருக்கிறார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை. சக்கரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கோசரங்க இந்த வேண்டுதலு?" என்றார்.

இவருக்குப் பொய் வராது. "எனக்கு நெஞ்சுல அடைப்பு வந்துச்சுங்க. இவங்க வேண்டிக்கிட்டாங்க" என்றார்.

"வேண்டிக்கினது இவங்களா? தூக்கினு வர்றது நீங்களா?"

"ஆமாங்க."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். கோபமெல்லாம் இல்லை, கணக்கு உதைக்கிறதே என்கிற முகம்.

"இன்னாம்மா இது? எங்க வூட்டுல நான் மொட்டை வேண்டிக்கினா என் தலையதான் சிரைப்பாங்க. அவரு தலைய எப்படிக் காட்றது?"

"புள்ளைங்களுக்கு வேண்டிக்கிட்டு புள்ளைங்களுக்குத்தானேம்மா மொட்டை போடறோம்?" என்றேன். எனக்கா பதில் வராது.

"கைக்கொழந்தைக்கு சரி. மீசை வெச்ச ஆளுக்கும் அப்படியா?" என்று எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். எனக்குச் சுருக்கென்று வந்தது. யாரென்றே தெரியாத ஒருத்தி, எந்த ராட்டினம், என்ன கதை ஒன்றும் தெரியாமல், வேஷத்தை வேண்டுதலென்று தப்பாக நினைத்துக்கொண்டு கேட்ட கேள்வி. வழி முழுக்க மனசுக்குள் அந்த அம்மாளோடு சண்டை போட்டேன். இவர் உயிருக்குத்தானே கேட்டேன், எனக்கா கேட்டேன்? வீடு வந்து சேரும்வரை அந்தச் சண்டையில் நான் ஜெயிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போவதற்கு முன்னால் தனியாகக் கோயிலுக்குப் போனேன். குருக்களிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பரிகாரம் சொல்வார், அதையும் இவர் தலையில்தான் கட்டுவேன். நேராகச் சன்னதியில் நின்றேன். "அன்னிக்கு உனக்குக் கொடுத்தது என்னோடது இல்லை. அதை அவர்கிட்டயே விட்டுடு. அவர் ஏறி நல்லபடியா இறங்கட்டும், இறங்கின நிமிஷத்துலேர்ந்து நான் காபி குடிக்க மாட்டேன்" என்றேன். யாரும் சிரிக்க வேண்டாம். காலையில் ஒரு காபி உள்ளே போகாவிட்டால் நான் மனுஷியே இல்லை, அதை என் வகுப்புப் பிள்ளைகளே சொல்வார்கள். என்னிடம் கொடுக்க இருந்ததில் அதுதான் பெரிது. பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். நகர்ந்தேன்.

அவரிடம் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு டம்ளரையும் ருசித்துக் குடித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் நல்ல வெயில். அண்ணன் தம்பி மூவர் அட்டைப்பெட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக ரயில் பெட்டி மாதிரி வளைந்து வளைந்து ஓடினார்கள். நீல நைலக்ஸ் சேலையைத் தலையிலிருந்து தரைவரை தொங்கவிட்டு ஒரு பெண் தண்ணீர்ச் சறுக்காக வந்திருந்தாள். இவருடைய கயிற்றை இழுக்கக் குழந்தைகள் வரிசையில் நின்றன. நீலக் கட்சி ஆட்களே வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர் எல்லோருக்கும் சுற்றிக் காட்டினார். இடையிடையே தலையைத் தூக்கி நிஜமான ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு, "கழட்டுங்க" என்றேன்.

"தோள் வலிக்கலியே."

"கழட்டிட்டுப் போய் ஏறுங்க."

அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. "வேண்டுதல்?"

"மாத்திட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"யார்கிட்ட வெச்சேனோ அவர்கிட்டதான். போங்க, லைன் நீண்டுக்கிட்டே போகுது."

என் கண்ணையே பார்த்தார். "நீ பயப்படுவ."

"ஆமா, பயப்படுவேன். நீங்க போங்க."

பட்டைகளைக் கழற்றினார். கீழே வைத்தால் பிள்ளைகள் மிதித்துவிடும் என்று நான் முதுகில் மாட்டிக்கொண்டேன். அவர் டிக்கெட்டைக் காட்டி ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்ததும் கம்பியைப் போட்டார்கள். பெட்டி மெல்ல மேலே போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற அதே பயம், வெயிலில், ஐஸ்கிரீம் விற்கிற சத்தத்துக்கு நடுவில். இறக்கிவிடுங்கள் என்று கத்தலாமா என்றுகூட இருந்தது. வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டேன். உச்சியில் பெட்டி நின்றது. அங்கிருந்து அவர் கை காட்டவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை. முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது. ஒரு குழந்தை என் இடுப்புக் கயிற்றை இழுத்துச் சக்கரத்தைச் சுற்றியபோதுதான் நான் அழுகிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

இறங்கி வந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். "போதும் விடு, டாக்டரம்மா" என்று கையை உருவிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல அவர்தான் காபி போட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து காலைக் காபி அவர் வேலை. இரண்டு டம்ளரையும் மேஜையில் வைத்தார். வாசனை வந்து மூக்கில் அடித்தது. நான் என் டம்ளரை அவர் பக்கம் தள்ளினேன்.

"ஏன், சூடு பத்தலியா?"

"இல்லை. விட்டுட்டேன்."

அவர் டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பி மலையை ஒரு முறை பார்த்தார். புரிந்துவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"என் காபி, நான் விட்டேன். உங்களை எதுக்குக் கேக்கணும்?"

என் டம்ளரையும் எடுத்து, ஆறுவதற்குள், மெதுவாக அவரே குடித்தார்.